தனியாள் என்று மூன்று கையெழுத்து

என் வீட்டில் ஓர் ஆண் இருக்கிறானாம். அரசாங்கம் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

டத்தோ கிராமாட் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறேன். வயது அறுபத்து மூன்று. முப்பது வருஷம் ஃபேக்டரியில் நின்றே வேலை பார்த்ததில் இரண்டு முட்டியும் போய்விட்டன. லிஃப்ட் நினைத்தால் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. தனியாக இருக்கும் வயதானவர்களுக்குக் கீழ்த்தளத்தில் வீடு தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: 'விண்ணப்பதாரர் நவமணி தனியாக வசிக்கவில்லை. நிராகரிக்கப்படுகிறது.' அவ்வளவுதான்.

விடுவேனா? நேரே ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் பிரமிளா என்று ஒரு பெண். கோப்பைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். என் வீட்டு வாசல். வாசலில் ஆம்பளை சிலிப்பர், பத்தாம் நம்பர்.

"ஆபீசர் செக் பண்ண வந்தப்ப நீங்க வீட்ல இல்ல ஆன்ட்டி. இதப் பாத்துட்டு எழுதிட்டாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"அது திருடனுக்கு வெச்சதும்மா! வீட்ல ஆம்பள இருக்கான்னு நெனைக்கட்டும்னு பசார் மாலாம் ராத்திரிச் சந்தைல வாங்கி வெச்சேன். வாரத்துக்கு ஒரு தடவ தண்ணி ஊத்தி, எடம் மாத்தி வைக்கிறேன். புழங்குற மாதிரி தெரியணும்ல?"

கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவள் நான். திருடனுக்கு விரித்த வலையில் அதிகாரி வந்து விழுந்துவிட்டார்.

"சிலிப்பரப் பாத்தாரு சரி, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டாரா? ஃபாரத்துல என் போன் நம்பர் இருக்குதானே? கதவுல ஒரு சீட்டு சொருகிட்டுப் போயிருந்தாக்கூட நானே கூப்பிட்டிருப்பேன்லா."

பிரமிளா சுற்றி வளைக்கவில்லை. "கேட்டிருக்கணும் ஆன்ட்டி. எங்க தப்புதான். அப்பீல் போடுங்க. ஆனா நீங்க தனியாத்தான் இருக்கீங்க, யாரும் வந்து தங்குறதில்லன்னு அக்கம்பக்கத்துல மூணு பேர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரணும்."

அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. அரசாங்கக் காகிதம் என்றால் எங்கள் பிளாக்கில் எல்லாரும் நழுவிவிடுவார்கள். யாரை எப்படிப் பேசி மடக்குவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்து, பக்கத்து வீட்டு ருக்கையாவின் கதவைத் தட்டினேன்.

அவள் காகிதத்தைப் படித்தாள். "ஆமாக்கா, ஒங்களத் தேடி யாரு வரா?" என்று சுவரில் வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எதிர் வீட்டுத் தங்கராஜு அண்ணன் படிக்கக்கூட இல்லை. விஷயத்தைச் சொன்னதும், "அதான் ஊருக்கே தெரியுமே" என்றார். கோடி வீட்டுச் சீனக் கிழவர் நான் சொல்லி முடிப்பதற்குள் பேனாவை வாங்கிக்கொண்டார். மூன்று கையெழுத்துக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம் ஆகவில்லை.

அப்பீல் ஜெயித்தது. கீழ்த்தளத்தில் வீடு கிடைத்துவிட்டது. பிரமிளாவே போன் பண்ணிச் சொன்னாள். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்த அதிகாரி மேல் இருந்த கோபம்கூட ஆறிவிட்டது. இந்த மூன்று பேர் மேல்தான் ஆறவில்லை. என் வீட்டுக்கு யாரும் வந்ததில்லைதான். இருந்தாலும் ஒருத்தராவது பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இருங்க, போன தீபாவளிக்கு யாரோ வந்திருந்தாங்கல்ல?" என்று கேட்டிருக்கலாம்.