மாப்பிள்ளை கேட்ட மணிக்கூடு

பெண் பார்க்க வந்த அன்று சப்ரி சொன்ன ஒரு வசனத்துக்காகத்தான் நான் அவரைக் கட்டச் சம்மதித்தேன். மற்றபடி ஆள் சுமார். தலைமுடி இப்போதே பின்வாங்கத் தொடங்கியிருந்தது. ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் யார்ட் ஒன்றில் வேலை. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில், வட்டிலாப்பக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாப்பாவிடம் சொன்னார்:

“எனக்கு சீதனம் கீதனம் ஒண்டும் வேணாம் மாமா. ஆதிபாட கையால ஒரு பிளாஸ்டிக் மணிக்கூடு தந்தாலும் போதும். மவுத்தாகும் வரைக்கும் கட்டுவேன்.”

உம்மா குசினிக்குள் போய் அழுதார். கதவுக்குப் பின்னால் நின்ற நானும் உருகித்தான் போனேன்.

ஆனால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீடு ‘வேணாம்’ என்று சொல்ல வேண்டும். பெண் வீடு ‘நாங்களா விரும்பித் தாறோம்’ என்று கொடுக்க வேண்டும். கேட்காமலே வாங்கிய பெருமை அவர்களுக்கு, கேட்காமலே கொடுத்த பெருமை இவர்களுக்கு. அடுத்த கிழமையே சப்ரியின் உம்மா றலியா மாமி கொட்டாஞ்சேனையிலிருந்து போன் எடுத்தார்.

“நாங்க ஒண்டும் கேக்கல்ல. ஆனா எங்கட வீட்டுல பார்க்கிங் ஈக்கி எண்டு மட்டும் சொல்லி வெக்கிறேன்.”

வாப்பா உடனே களுபோவிலயில் எங்களுக்கு இருந்த இன்னொரு வீட்டை விற்க ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டார். அது சின்ன வீடு. வாப்பா பென்ஷன் இல்லாத வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டு வாடகையில்தான் அவரும் உம்மாவும் மருந்து மாத்திரை வாங்குகிறார்கள். அதை விற்றுக் கார் வாங்குவதாக முடிவு. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கோழியைக் கேட்டா மசாலா அரைக்கிறார்கள்?

“அவர் கேட்டது மணிக்கூடுதானே வாப்பா?”

“அது ஒரு பேச்சுக்குச் சொல்றது, புள்ள.”

“வெறும் பேச்செண்டா, நான் ஏன் அவரக் கட்டணும்?”

வாப்பாவிடம் நிச்சயதார்த்தம் முடியும் வரை வீட்டை விற்பதில்லை என்று மட்டும் வாக்கு வாங்கிக்கொண்டேன். சப்ரி சொன்ன சொல்லில் நிற்பார் என்று நான் நம்பினேன். நம்ப ஆசைப்பட்டேன் என்று சொன்னால் இன்னும் சரி.

மறுநாள் தங்கை ஷிஹாராவை இழுத்துக்கொண்டு காலி வீதியில் ஜாபிர் நானாவின் கடைக்குப் போனேன். மாப்பிள்ளைக்கு என்றதும் அவர் பளபளவென்று பெரிய பெட்டிகளாக எடுத்து அடுக்கினார்.

“இதுகள் இல்ல நானா. பிளாஸ்டிக்.”

அவர் என்னைப் பார்த்தார், ஷிஹாராவைப் பார்த்தார். “மாப்பிள்ளைக்கு எத்தன வயசு?”

“முப்பத்தொண்டு.”

பெருமூச்சு விட்டுவிட்டுக் கீழ்த்தட்டைத் திறந்தார். நான் பகிடிக்கு, சும்மா சிரிக்க வாங்குகிறேன் என்று அவர் நினைத்திருந்தால் அது அவர் பிழை. கல்யாணப் புடவைக்குக்கூட நான் அவ்வளவு யோசிக்கவில்லை. வெள்ளை வேண்டாம், யார்ட் தூசிக்கு இரண்டு நாளில் சாம்பலாகிவிடும். சிவப்பு போட்டால் ஐஸ்கிரீம் விற்கிற ஆள் மாதிரி இருக்கும். கண்ணாடி போன்ற பட்டி வியர்வையில் மஞ்சளித்துப்போகும். ஷிஹாரா கல்குலேட்டர் வைத்த ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

“இத எடுங்க ராத்தா. அவங்கட உம்மாக்கு ஒதவும்.”

கடைசியில் கடும் நீலத்தில் ஒன்று. பெரிய இலக்கங்கள், பொத்தானை அமத்தினால் வெளிச்சம். பட்டியை மடித்து, முறுக்கிப் பார்த்தேன். தண்ணீர் போகாது என்றார் நானா. அவர் குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் கிளாஸிலேயே போட்டுக் காட்டச் சொன்னேன். போகவில்லை. என் கையில் கட்டிப் பார்த்தபோது சப்ரியின் கையை நினைத்துக்கொண்டேன். ஆசையாகத்தான் இருந்தது, இதில் என்ன வெட்கம்?

நிச்சயதார்த்தத்தன்று ஹால் நிறைய ஆட்கள். பூத்தட்டில் வைத்த பெட்டியை றலியா மாமிதான் திறந்தார். சிரித்துக்கொண்டே மணிக்கூட்டை எடுத்து, இனிப்பைச் சுற்றிய தாளைப் போல ஓரமாக வைத்தார். பிறகு பெட்டிக்குள் இருந்த ஸ்பொஞ்சைத் தூக்கி அடியில் விரலை விட்டுத் துழாவினார். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்தார். கார் சாவி தேடுகிறார் என்று எல்லோருக்கும் விளங்கியது. வாப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“மத்தது எங்க?” என்றார் மாமி.

“மத்தது ஒண்டும் இல்ல மாமி. சப்ரி கேட்டது இதுதான்.”

சப்ரி சிரித்தார். மணிக்கூட்டை எடுத்துக் கையில் கட்டினார். உண்மையிலேயே கட்டினார்! நெஞ்சு நிறைந்துபோய், பார்த்தீர்களா என்கிற மாதிரி வாப்பாவைப் பார்த்தேன். அப்போது போட்டோ எடுக்க வந்த அப்ஹாம் கமெராவைத் தூக்கினான்.

“கையக் கொஞ்சம் தூக்குங்க, மணிக்கூடு தெரியட்டும்.”

சப்ரியின் மற்றக் கை தானாக வந்து ஷர்ட் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டது. அதுவும் போதாமல் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

நான் எழும்பினேன். “அத கழட்டித் தாங்க.”

மாமியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. சப்ரி ஒரு நொடியில் பட்டியை அவிழ்த்தார். “எனக்குத் தெரியும், ஆதிபா பகிடி பண்றாங்க எண்டு,” என்று என்னிடம் கொடுத்துவிட்டு, அடுத்ததை வாங்க வெறுங்கையை நீட்டியபடி நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த அலுமாரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு வலித்தது.

“வாப்பா, பிரியாணி ஆறுது,” என்றேன். “எல்லாரையும் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க. வீட்ட விக்க வேணாம்.”

சப்ரியின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.