முன்னால் போனவர் உட்கார வேண்டும்

விமானம் கொச்சியில் இறங்கியபோது காலை எட்டு மணி. கப்பல் மறுநாள் மதியம்தான். இடையில் முழுதாக ஒரு நாள் இருந்தது. அப்படி ஏற்பாடு செய்தது நான். அதற்காக மனைவி திரௌபதி சென்னையிலிருந்தே என்னைக் கிண்டல் செய்துகொண்டு வந்தாள்.

"கப்பலை நீங்கதான் ஓட்டப் போறீங்களா? முன்னாடியே போய் சாவி வாங்கணுமா?"

"பிளேன் லேட்டா வந்தா இன்னா பண்ணுவ?"

"லேட்டு ஆவலையே. இப்ப ஒரு நாள் வேஸ்ட்டு."

எதற்கும் முன்னதாகப் போய் நிற்பது என் பழக்கம். வேங்கிக்காலில் ஆபீஸ் வேலை பார்த்த முப்பத்திரண்டு வருடமும், கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றவன். எங்கள் முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்காக மகள் அபிநயா லட்சத்தீவு போகும் கப்பலில் டிக்கெட் எடுத்தபோது, விமானத்தை ஒரு நாள் முன்னால் போடச் சொல்லிவிட்டேன்.

பெட்டியை ஓட்டலில் வைத்துவிட்டுக் கடலைப் பார்க்கக் கிளம்பினோம். திரௌபதி போனை சார்ஜில் போட்டுவிட்டு வந்தாள். நான் வழக்கம்போல முன்னால் நடந்தேன். அவளுக்கு முழங்கால் வலி. அதோடு, கடைகளை நின்று பார்க்காமல் அவளால் ஒரு தெருவைத் தாண்ட முடியாது.

எங்கள் ஊரில் பௌர்ணமிக்கு மலை சுற்றும்போதும் அப்படித்தான். நெரிசலில் பிரிந்துவிடுவோம். அந்தக் கூட்டத்தில் எதிர்த் திசையில் வந்து யாரையும் தேட முடியாது. அதனால் கல்யாணமான புதிதிலேயே ஒரு விதி போட்டேன். முன்னால் போனவர் பாதி வழியில், அடி அண்ணாமலை டீக்கடையில் உட்கார வேண்டும். பின்னால் வருபவர் வந்துகொண்டே இருக்க வேண்டும். யாரும் திரும்பக் கூடாது. எப்போதும் உட்கார்ந்தவன் நான்தான். கடைக்காரர் முருகையன், "அம்மா பின்னாடி வராங்களா சார்?" என்பார். "வரா" என்பேன். அவள் தலை தெரிந்த பிறகுதான் இரண்டாவது டீயை ஆற்றுவார்.

கொச்சியில் நான் திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை.

அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. ஊரில் எங்கே நின்றாலும் மலை தெரியும். மலை எந்தப் பக்கம் என்று பார்த்தால் வீடு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இங்கே எல்லாத் திசையும் ஒரே மாதிரி இருந்தது. மொழி தெரியாதவள், கையில் போனும் இல்லை, எங்கே போவாள் என்று வந்த வழியே ஓடினேன். மருந்துக்கடை, பழக்கடை, ஓட்டல் அறை, பிறகு பக்கத்துச் சந்துகள். அவளைப் போலவே மஞ்சள் சேலை கட்டிய யாரோ ஒருத்தியின் தோளைத் தொட்டுத் திட்டு வாங்கினேன். விமானம் தாமதமாகும், சாலையில் நெரிசல் இருக்கும் என்றெல்லாம் யோசித்து வந்தவன் இதை யோசிக்கவில்லை.

இரண்டரை மணி நேரம். கடைசியில், நாங்கள் முதலில் நடந்த அதே தெரு முடியும் இடத்தில், படகுத்துறை சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கைப்பையை வைத்து எனக்கு இடம் போட்டிருந்தாள்.

"எங்கடி போன?" கத்தினேன்.

"குடைக்கடை உள்ள இருந்தேன். வெளிய வந்து நேரா நடந்தேன். வழியில உங்கள காணோம். சரி, இன்னிக்கி நான்தான் முன்னாடி வந்துட்டேன் போலன்னு உக்காந்துட்டேன்." என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள். "திரும்பிப் போய்த் தேடினீங்களா? ரூல் போட்டவரே நீங்கதானே?"

"பயந்துட்டேன்."

"நான் பயப்படல. எப்படியும் வருவீங்கன்னு தெரியும்." பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உக்காருங்க. இதுக்குத்தான் ஒரு நாள் முன்னாடி கூட்டினு வந்தீங்களா?"

வெயில் தாழும்வரை அங்கேயே இருந்தோம். படகுகள் வந்தன, போயின. அவள் முழங்காலைப் பிடித்துவிட்டேன். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று கையைத் தட்டிவிட்டாள். இரண்டாம் முறை தட்டிவிடவில்லை.

கப்பலைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. நீச்சல் குளம் இருந்தது, சாப்பாடு நிறைய இருந்தது. எனக்கு மறுபடி வேண்டியிருப்பது அந்த பெஞ்சில் ஒரு மத்தியானம்.

திரௌபதி இந்தத் தை பிறந்ததும் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள், ஆறே நாள். நான்கு பௌர்ணமிக்கு நான் வெளியே வரவில்லை. வைகாசி பௌர்ணமியன்று விடிந்ததும் கிளம்பினேன்.

மெதுவாகத்தான் நடந்தேன். ஆனாலும் அடி அண்ணாமலை வந்ததும் பழக்கத்தில் டீக்கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். முருகையனுக்கு விஷயம் தெரியாது.

"ரொம்ப நாளாச்சு சார். அம்மா பின்னாடி வராங்களா?"

சாலையைப் பார்த்தேன். ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

"இல்ல முருகையா. முன்னாடி போயிட்டா."

"அம்மாவா?" அவர் சிரித்தார். "அப்ப நீங்க இன்னாத்துக்கு இங்க உக்காந்துனு இருக்கீங்க?"

எழுந்து நடந்தேன். வலப்பக்கம் மலை கூடவே வந்தது.