மத்தியான ஒரு மணிநேரம்

ஜெயராமன் அம்பத்தூரில் ஒரு சைக்கிள் கம்பெனியில் வேலை பார்த்தவன். முப்பத்தெட்டு வயதில் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. திருநின்றவூரில் வாடகை வீடு, பிள்ளைகள் இல்லை. மனைவி வடிவுதான் இரண்டு வருடமாக எல்லாம் பார்த்தாள்.

எழுபத்தொன்றாம் வருடம் ஆடி மாதம், அவனுடைய அக்கா வேம்புலியம்மாள் நான்கு நாள் தங்கலாம் என்று வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி வந்தாள். வந்த அன்றே பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் அவளைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக்கொண்டாள்.

"உன் தம்பி பொண்டாட்டி தெனம் ரெண்டு மணிக்கு எங்கியோ போறா. கேட்டா சொல்ல மாட்றா. சொல்லணும்னு தோணிச்சு, சொல்லிட்டேன்."

வேம்புலியம்மாள் கவனித்தாள். ஜெயராமன் சாப்பிட்டுத் தூங்கியதும் வடிவு சத்தமில்லாமல் பின்கதவைத் திறந்துகொண்டு போனாள். மூன்று மணிக்குத் திரும்பியபோது சேலையின் கீழோரம் நனைந்திருந்தது. கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் மட்டும் லேசாகியிருந்தது.

"எங்கடி போய்ட்டு வர்ற?"

"இங்கதான் அண்ணி," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இரண்டாம் நாள் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு காகிதப் பொட்டலம் கிடைத்தது. உள்ளே சின்னச் சின்னத் தட்டை விதைகள். வேம்புலியம்மாள் ஊமத்தை விதையைப் பார்த்திருக்கிறாள்; அந்த விஷ விதையும் இப்படித்தான் இருக்கும். பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். அன்று முதல் தம்பிக்குக் கஞ்சி கொடுப்பதற்கு முன்னால் தானே ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். வடிவு அதைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் வேம்புலியம்மாள் பின்தொடர்ந்தாள். எவனாவது இருப்பான் என்றுதான் நினைத்தாள். தண்டவாளத்தை ஒட்டி யாரோ வாங்கிப் போட்ட காலி மனை. முள்வேலிக்கு இந்தப் பக்கம் மறைந்து நின்று பார்த்தாள்.

வடிவு தனியாக இருந்தாள். கீரைப் பாத்தி, ஒரு பாகல் பந்தல், விரல் உயரத்தில் கத்தரி நாற்று. அந்த நாற்றைப் பார்த்ததுமே பொட்டலத்தில் இருந்தது எந்த விதை என்று தெரிந்துவிட்டது. மூச்சு விடுவதற்குள் வடிவு மண்வெட்டியை ஓங்கினாள்.

"தூக்கி எறி! தட்டத் தூக்கி எறி! மூஞ்சில துப்பு! நீ செத்தாதான்யா நான் தூங்குவேன்!"

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கொத்து. அப்புறம் அப்படியே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, ஒரு நாற்றை எடுத்து, வேர் மடங்காமல் குழியில் வைத்து மண்ணை அணைத்தாள்.

வேம்புலியம்மாள் பதறிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். ஜெயராமன் விழித்திருந்தான். படுக்கை நனைந்து நாறியது. அவனைப் புரட்ட முயன்றாள், கனத்தான். தண்ணீர் புகட்டினாள், அவள் முகத்திலேயே துப்பிவிட்டு, இடது கையால் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான்.

அவளுடைய கை மேலே போயிற்று. தான் வளர்த்த தம்பி, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாகக் கீழே இறக்கினாள்.

வடிவு வந்து, ஒரு பக்கமாக அவனைச் சாய்த்து, இரண்டே நிமிடத்தில் துணியை மாற்றிவிட்டாள். "பசிக்குதா?" என்று அவனிடம் கேட்ட குரலில் கோபம் துளியும் இல்லை.

அடுப்படியில் வேம்புலியம்மாள் அவளைப் பிடித்தாள். "நீ சொன்னதெல்லாம் கேட்டுட்டேன்டி."

வடிவுக்கு முகம் வெளுத்தது. "இன்னா பண்றது அண்ணி? ஊட்டுல கத்துனா அவுரு காதுல உழும். அங்க கத்திட்டு வந்தாதான் இங்க சிரிக்க முடியுது."

வேம்புலியம்மாள் கலைந்த கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டாள்.

மறுநாள் ஊருக்குப் போக வேண்டியவள் போகவில்லை. இரண்டு மணிக்குத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "போடி. மெதுவா வா."

வடிவு நகரவில்லை. கதவைப் பிடித்தபடி அவளையே உற்றுப் பார்த்தாள். "இன்னாத்துக்கு அனுப்பறீங்க? நான் போனதும் அவுராண்ட சொல்றதுக்கா?"

"இன்னான்னு சொல்றது? நேத்து நானே அவன அடிக்கக் கை ஓங்கிட்டேன்."

வடிவு கதவை விட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். சந்து திரும்பும் வரை மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள்.