கப்பலில் போன பன்னிரண்டாமவன்

குன்வோர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் அண்ணன் தூர்லைவ் ஒரு வேலையைக் கொண்டுவந்து அவள் தலையில் கட்டினார். துறைமுகத்தில் சிலையாக நிற்கும் கேப்டன் எய்லர்ட் ஹோவ்லன், பனிக்கடலில் கப்பல் நொறுங்கி, பனிமேல் நடந்தே கரைசேர்ந்து ஊர் திரும்பியதற்கு நூற்றைம்பதாம் ஆண்டு. ஜூனில் ஊராட்சி விழா எடுக்கிறது. குடும்பத்தின் சார்பில் தூர்லைவ் பேசவேண்டும். வம்சாவளிப் படமும் வேண்டுமாம்.

"நம்ம கொள்ளுத்தாத்தா ஆன்டெர்ஸும் கேப்டனும் கூடப்பிறந்தவங்க. அதை மேல கொஞ்சம் இழுத்துப் போட்டுக் குடு, போதும்" என்றார். "பழைய எழுத்து உனக்குத்தானே வாசிக்க வரும்."

"பேசறது நீ, கண்ணு கெடறது எனக்கா?" என்றாள். ஆனாலும் அன்று மாலையே உட்கார்ந்துவிட்டாள்.

தூர்லைவுக்கு எழுபத்தொரு வயது. நாற்பது வருடமாக, நார்வேயின் தேசிய நாளான மே பதினேழாம் தேதி ஊர்வலம் கிளம்புமுன் சிலையின் காலடியில் மலர்வளையம் வைப்பவர் அவர்தான். கடையிலோ படகிலோ அந்நியர் யாராவது பேர் கேட்டால், ஹோவ்லன் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பார். அவர்களாகவே கேப்டனைப் பற்றிக் கேட்கட்டும் என்று.

தேவாலயப் பதிவேடுகள் கணினியிலேயே கிடைத்தன. நான்காம் நாள் ஆன்டெர்ஸின் ஞானஸ்நானப் பதிவு அகப்பட்டது. தகப்பன் பெயர் கேப்டனின் தகப்பன் பெயர் அல்ல. தாயும் வேறு. பிறந்த இடம் ஹோவ்லன் பண்ணைதான். ஆனால் பெரிய வீடு இல்லை, மேட்டில் இருந்த கூலிக்குடிசை. குன்வோருக்கு விளங்கிவிட்டது. அந்தக் காலத்தில் யார் எந்தப் பண்ணையில் இருந்தார்களோ அந்தப் பண்ணைதான் அவர்களுக்குப் பெயர். முதலாளிக்கும் அதே பெயர், கூலிக்கும் அதே பெயர். பின்னால் எல்லாருக்கும் குடும்பப் பெயர் வேண்டும் என்று சட்டம் வந்தபோது தாத்தா அதையே எழுதிக்கொடுத்திருக்கிறார். ரத்தத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கணினியை மூடியிருக்கலாம். ஆன்டெர்ஸுக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா என்று பார்க்கத்தான் இன்னும் சில பக்கங்கள் புரட்டினாள். மோன்ஸ் என்று ஓர் அண்ணன் இருந்தான். இறந்தவர்கள் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே பாதிரியார் எழுதியிருந்தார்: "கேப்டன் ஹோவ்லனின் கப்பலில், பனிக்கடலில். உடல் கரைசேரவில்லை."

மறுவாரம் பஸ் பிடித்து பேர்கன் நகர ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். கப்பல் ஆள்பட்டியலில் கேப்டனைத் தவிரப் பன்னிரண்டு பேர். கடைசியில் மோன்ஸ், வயது இருபத்திரண்டு, சமையல் உதவி. கையெழுத்துக்குப் பதில் ஒரு கோணல் சிலுவைக் குறி. சிலையின் கல்லில் பொறித்திருப்பதை அப்போதுதான் அவள் நினைத்துப் பார்த்தாள்: "பதினொருவரை வீடு சேர்த்தவர்." சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை வாசித்த வரி. எத்தனை பேர் புறப்பட்டார்கள் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

தூர்லைவ் கொட்டகையில் இருந்தார். ஆடுகள் குட்டி போடும் சமயம். முழங்கை வரை ஈரத்தோடு, நிமிராமலே முழுவதையும் கேட்டார்.

"அப்ப நாம யாரு?"

"மேட்டுக் குடிசைக்காரங்க, அண்ணே."

"நாப்பது வருஷமா எவனோ ஒருத்தன் தாத்தாவுக்கு மாலை வச்சுக்கிட்டிருந்தேனா?" குட்டியை வைக்கோலால் துடைத்தார். "உன்னைப் படம் போடச் சொன்னேன். தோண்டவா சொன்னேன்? ஊரே சிரிக்கும். போ, வேலை கிடக்கு."

மோன்ஸைப் பற்றிச் சொன்னதை அவர் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

அந்த மே பதினேழில் அவர் துறைமுகத்துக்கு வரவில்லை. குட்டி போடும் சமயம் முடிந்திருந்தும், கேட்டவர்களுக்கெல்லாம் ஆடு குட்டி போடுகிறது என்று குன்வோர் பொய் சொன்னாள். சாயங்காலம் தூர்லைவ் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். ஊர்வலத்துக்கென்று போட்ட கோட்டைக் கழற்றியிருக்கவில்லை. காப்பியை ஊற்றி வைத்தாள். கோப்பையைத் திருப்பியபடியே கேட்டார்.

"அந்தப் பையனுக்கு என்ன வயசு சொன்னே?"

"இருபத்திரண்டு."

"பேரெழுதக்கூடத் தெரியாதா?"

படியெடுத்து வந்த தாளை அவர் முன் வைத்தாள். தூர்லைவ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் குறியின் மேல் விரலை வைத்தார். "பேனாவ இறுக்கிப் பிடிச்சிருக்கான்" என்றார். "மை தெறிச்சிருக்கு பாரு." அப்புறம், "நம்ம தாத்தா ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். கூலிக்காரன் மகன் செத்த கதையைவிட முதலாளி மகன் பிழைத்த கதையைச் சொல்லிக்கொள்வது அந்த வீட்டில் யாருக்கோ சுலபமாக இருந்திருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல குன்வோருக்கு மனம் வரவில்லை.

விழாவில் தூர்லைவ் பேசினார். "நான் கேப்டனுக்குச் சொந்தக்காரன் இல்லை. இத்தனை வருஷமா தெரியாமச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க. அவரோட கப்பல்ல போய்த் திரும்பாத மோன்ஸுக்குத்தான் நான் சொந்தம்." அவ்வளவுதான் பேச்சு. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஊராட்சித் தலைவி கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். கேப்டனின் உண்மையான வாரிசு, ஓஸ்லோவிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர், எழுந்துவந்து தூர்லைவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படி ஒருத்தர் இருந்ததே எங்களுக்குத் தெரியாது" என்றார்.

"எங்களுக்கும்தான்" என்றார் தூர்லைவ்.

மறுநாள் அண்ணனும் தங்கையும் மேட்டுக்கு ஏறினார்கள். குடிசை இருந்த இடத்தில் நாலு வரிசைக் கல்லும், அதைச் சுற்றி முட்செடியும்தான் மிச்சம். தூர்லைவ் மூச்சு வாங்க ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"அவனோட அம்மா பேரு என்ன?"

"பிரீத்தா."

"எந்த ஊர்க்காரி?"

"தெரியலை அண்ணே. தேடணும்."

"தேடு" என்றார் அவர்.