கிழக்கா, மேற்கா

தேர்தல் நெருங்கினால் எங்கள் ஊர் அரசியல்வாதிகளுக்குத் துக்கம் பொங்கிக்கொண்டு வரும். எவர் செத்தாலும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற கூட்டம் அது. என் பெயர் வில்லோடீன் காஸ்கின்ஸ். சவ அடக்கம் செய்வது என் தொழில். அலபாமாவின் இந்த மூலையில் செத்துப்போகிற கறுப்பர்களை என் மாமனார் காலத்திலிருந்து நாங்கள்தான் குளிப்பாட்டி, உடுத்தி, மண்ணுக்குள் வைக்கிறோம். அதனால் எவன் வயிறு எரிந்து அழுகிறான், எவன் கேமராவைப் பார்த்து அழுகிறான் என்பது எனக்கு ஓரளவு தெரியும்.

இந்தத் தடவை மேயர் நாற்காலிக்கு இரண்டு பேர் மோதினார்கள். ஒருவன் வேட் டிரெக்ஸ்லர், டிராக்டர் விற்கிற வெள்ளைக்காரன். இன்னொருவன் லாமார் பெட்டவே, எங்கள் பையன். எட்டு வருஷமாக நகரமன்ற உறுப்பினர். அவன் அம்மா எர்லீன் செத்தபோது நான்தான் அவள் தலைமுடியைச் சுருட்டி விட்டு, காதில் அவளுக்குப் பிடித்த தோட்டை மாட்டி அடக்கம் செய்தேன். என்னை அத்தை என்று கூப்பிடுவான். அவன் பிரசாரத்துக்கு என் கார்கள்தான் ஓடின.

இருவரும் மேடைக்கு மேடை பேசியது இனத்தைப் பற்றி, சமத்துவத்தைப் பற்றி, காயங்களை ஆற்றுவதைப் பற்றி. ஒருவரும் பேசாதது ஆலைச் சாலையைப் பற்றி. கார் உதிரி பாகம் செய்கிற புதுத் தொழிற்சாலைக்காக அந்தச் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். அதற்குக் கிழக்கே வெள்ளையர் கல்லறைத் தோட்டம். அடிமைகளை விடமாட்டோம் என்று தெற்கு மாநிலங்கள் நடத்தித் தோற்ற போரில் செத்தவர்களுக்காகக் கல்லில் செய்த சிப்பாய் ஒருவன் அங்கே துப்பாக்கியோடு நிற்கிறான். மேற்கே எங்கள் கல்லறைத் தோட்டம். செத்த பிறகும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க விடாத ஊர் இது. சாலை அகலமாக வேண்டுமானால் இரண்டில் ஒன்று போக வேண்டும். எது என்பது புது மேயரின் கையெழுத்தில் இருக்கிறது. மேற்கே, சாலையை ஒட்டிய முதல் வரிசையில் என் மகன் டாரியஸ் இருக்கிறான். பத்தொன்பது வயதில் ரத்த நோய் கொண்டுபோன பிள்ளை. ஊருக்கு இது சாலைப் பிரச்சினை. எனக்கு என் பிள்ளை.

விவாதத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போனேன். திரும்பும்போது எர்லீனின் கல்லறையைக் கடந்தேன். கடந்தவள் நின்றுவிட்டேன்.

கல் இருந்தது. புல் இருந்தது. அவள் சாமான்கள் இல்லை. எங்களில் ஒருவர் இறந்தால் கடைசியாகக் கை வைத்த பொருட்களைக் கல்லறை மேல் வைப்போம், அதுவும் உடைத்து வைப்போம். உடைக்காமல் வைத்தால் அடுத்த சாவு அதே வீட்டைத் தேடி வரும் என்பார்கள். எர்லீனுக்கு நீலக் கண்ணாடி ஜாடி ஒன்று, மூக்குக் கண்ணாடி, மருந்துக் குப்பி. ஜாடியின் கழுத்தை லாமாரே அழுதுகொண்டு உடைத்தான். அந்தப் பொருட்களை எங்கள் ஆட்களில் திருடன்கூடத் தொடமாட்டான். தொட்டவன் வீட்டுக்குச் செத்தவர் கூடவே வருவார் என்று பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். இங்கேயோ யாரோ சுத்தமாகப் பெருக்கி எடுத்திருந்தார்கள். குப்பை என்று நினைத்திருக்கிறார்கள். புல்லை உற்றுப் பார்த்தேன். பாயைச் சுருட்டி விரித்த மாதிரி, நான்கு பக்கமும் வெட்டுக் கோடு தெரிந்தது. என் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எர்லீன் கீழே இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் கார் சாவி கையில் இருப்பதே தெரியாமல் சாவியைத் தேடினேன்.

விவாதம் எங்கள் மவுண்ட் நெபோ தேவாலயத்தின் பெரிய கூடத்தில். கறுப்பர்களின் கோயிலில் இனத்தைப் பற்றிப் பேசுவது தொலைக்காட்சியில் அழகாகத் தெரியுமாம். கீழே சமையலறையில் பெண்கள் கெளுத்தி மீனைச் சோளமாவில் புரட்டிப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். லாமார் ஒவ்வொரு சட்டியாகப் போய்ச் சுவை பார்த்து, ஒவ்வொருத்தியையும் அக்கா, சித்தி என்று கொஞ்சிக்கொண்டிருந்தான். அவன் முழங்கையைப் பிடித்து நாற்காலிகள் அடுக்கிவைக்கிற அறைக்குள் இழுத்துப் போனேன்.

"எர்லீன் எங்கடா?" என்றேன். அவன் நடிக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். கதவைச் சாத்தினான்.

"மெதுவா பேசுங்க அத்தை. மேட்டுல புதுசா ஒரு கல்லறைத் தோட்டம் வந்திருக்குல்ல, அங்க. நல்ல இடம். மரம் இருக்கு."

"எடுத்தது யாரு?"

"வெளியூர் ஆளுங்க."

"அதான் தெரியுதே. உங்கம்மா ஜாடியைக் குப்பையில போட்டிருக்கானுங்க."

அவன் முகம் ஒரு நொடி சுருங்கியது. அது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு அரசியல்வாதி திரும்பி வந்தான். வரைபடம் முதல் நாளிலிருந்தே மேற்கில்தான் போட்டிருக்கிறார்கள் என்றான். எட்டு வருஷமாக நகரமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறானாம். கல் சிப்பாயை அசைக்க ஒரு கையும் உயராதாம். யார் மேயரானாலும் கையெழுத்து மேற்குக்குத்தானாம். தான் போட்டால் மரியாதையாக நடக்கும், டிரெக்ஸ்லர் போட்டால் நேராகப் புல்டோசரை இறக்கிவிடுவான் என்றான். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"அம்மா பக்கத்துல ஒரு இடம் சேர்த்து வாங்கி வெச்சிருக்கேன் அத்தை. நம்ம டாரியஸுக்கு. இன்னிக்கு ராத்திரி மட்டும் அந்த ரோட்டுக் கதையை எடுக்காதீங்க."

ஒரு கணம் என் வயிறு அந்த இடத்தைக் கேட்டது. மேடு, மரம், தெரிந்த எர்லீன் பக்கத்தில். தாயின் வயிறு நியாயம் பார்க்காது. லாமார் அதை என் முகத்தில் பார்த்துவிட்டான், தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு மேலே போனான். அந்தத் தட்டலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பேரம் முடிந்த மாட்டைத் தட்டுவார்களே, அப்படித் தட்டினான்.

கூடம் நிறைந்திருந்தது. முன் வரிசைகளில் டிரெக்ஸ்லரின் ஆட்கள், பார்க்காத ஊருக்கு வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் என் கடைப் பெயர் அச்சடித்த அட்டை விசிறிகளை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் கிளெம்மன்ஸ் ஜெபம் செய்தார். தொலைக்காட்சியிலிருந்து வந்த பெண் முதல் கேள்வியாக, நம் நகரத்தில் இனப் பாகுபாடு இருக்கிறதா என்று கேட்டாள். தண்ணீரில் ஈரம் இருக்கிறதா என்று கேட்க இவளுக்குச் சம்பளம் வேறு.

டிரெக்ஸ்லர் தன் அப்பாவின் கடையில் கறுப்பர்களும் முன்வாசல் வழியாகத்தான் வந்தார்கள் என்றான். ராணுவத்தில் தன் உயிர் நண்பன் ஒரு கறுப்பன் என்றான். எனக்குக் கறுப்பு வெள்ளை தெரியாது, மனிதர்களைத்தான் தெரியும் என்று நெஞ்சில் கை வைத்தான். நிறம் தெரியாத அந்தக் கண்களுக்கு எங்கள் கல்லறை எந்தப் பக்கம் என்பது மட்டும் எப்படித் தெரிந்ததோ.

லாமார் எழுந்தால் அது வேறு கதை. கேமராவைப் பார்த்தால் வக்கீல் பேச்சு, எங்களைப் பார்த்தால் பிரசங்கியார் பேச்சு. சம உரிமை ஊர்வலத்தில் அப்பாவைப் போலீஸ் நாய் கடித்த தழும்பைச் சொன்னான். அம்மா பிறர் வீட்டுத் தரையை முழங்காலில் நின்று துடைத்ததைச் சொன்னான். எல்லாம் உண்மை. உண்மையை வைத்தே ஏமாற்றுகிறவனை என்ன செய்ய முடியும்? விசிறிகள் நின்றன, ஆமென்கள் எழுந்தன.

பிறகு பொதுமக்கள் கேள்வி. நான் ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். நான் கொடுத்தது ஒன்று, அவர்கள் அட்டையில் அச்சடித்துத் தந்தது ஒன்று. 'நம் நகரத்தின் இனக் காயங்களை எப்படி ஆற்றுவீர்கள்?' என்று இருந்தது. என்னைப் பார்த்தால் மருந்துக் கடைக்காரி மாதிரியா தெரிகிறது? அட்டையைப் பைக்குள் போட்டுவிட்டு, நடுவழியில் நின்ற மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆலை ரோட்டை அகலப்படுத்த எந்தக் கல்லறையை எடுப்பீங்க? கிழக்கா, மேற்கா? ஒரு வார்த்தை போதும்."

தொலைக்காட்சிப் பெண் தன் தாள்களைப் புரட்டினாள். டிரெக்ஸ்லர், பொறியாளர்கள் என்றான், ஆய்வு என்றான், எல்லாச் சமூகத்தாரின் குரலையும் கேட்பேன் என்றான். அவன் வாயில் வந்த வார்த்தைகளில் திசை மட்டும் இல்லை. லாமார் மேடையை விட்டே இறங்கி வந்தான். எனக்கு முன்னால் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்தான்.

"எங்கம்மா எர்லீன் பெட்டவே அந்த மேற்கு மண்ணுலதான் தூங்குறாங்க. இதோ நிக்கிற வில்லோடீன் அத்தை தன் கையால தூங்க வெச்சாங்க. பெத்த தாய் மேல ரோடு போட எந்த மகனாவது சம்மதிப்பானா?"

கூடம் எழுந்து நின்றது. ஆர்கன் வாசிப்பவர் தன்னையறியாமல் இரண்டு கட்டையை அழுத்தினார். அப்போதுதான் லாமார் என் பக்கம் திரும்பிப் புன்னகைத்தான். நான் மேட்டில் இருக்கிற அந்த இடத்துக்காக வாயை மூடிக்கொள்வேன் என்று முழுமனதாக நம்பிய புன்னகை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான்தான் சோறு போட வேண்டுமாம்.

"எர்லீன் அங்க இல்ல," என்றேன். "இவன் தூக்கிட்டுப் போயிட்டான். காலிக் குழி மேல கல்லு நிக்குது. நம்பாதவங்க நாளைக்குக் காலையில மண்வெட்டியோட வாங்க."

நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். பிறகு கோபம் வந்தது. அவன் மேல் அல்ல, என் மேல். முதலில் குரல் கொடுத்தது பெர்னிஸ், பாடகர் குழுத் தலைவி, என் சிநேகிதி. அவள் புருஷன் டாரியஸுக்கு அடுத்த வரிசையில்தான் படுத்திருக்கிறான்.

"வில்லோடீன், உக்காரு. அவங்க முன்னாடியா இதைப் பேசறது?"

அவங்க என்றால் முன் வரிசையும் கேமராவும். ஐம்பது பேர் அதையே முணுமுணுத்தார்கள். என்னைத் துரோகி என்று யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது. டிரெக்ஸ்லரோ சந்தோஷம் தாங்காமல், ஒரு தாயின் நினைவை வைத்து விளையாடுகிறவரா உங்கள் மேயர் என்று உருகினான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

"நீங்க எந்தப் பக்கம்னு இன்னும் சொல்லலியே," என்றேன் அவனிடம். அவன் தண்ணீர் குடித்தான்.

லாமார் தலையைக் குனிந்து நின்றான். அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. அடக்கத்தில் பெட்டியை மூடுவதற்கு முன் பாஸ்டர் வைக்கிற மௌனம். பிறகு தலையை உயர்த்தினான், கண்ணில் தண்ணீர் இருந்தது.

"ஆமா, எடுத்தேன். எட்டு வருஷம் நகரமன்றத்துல அவங்களோட உக்காந்திருக்கேன். அவங்க கை எந்தப் பக்கத்துக்கு உயரும்னு எனக்குத் தெரியும். உங்க எல்லாரையும் காப்பாத்த என்னால முடியல. பெத்தவ ஒருத்தியைக் காப்பாத்தினேன். அது தப்புன்னா என்னைத் தண்டிங்க."

எங்கிருந்தோ ஓர் ஆமென் வந்தது. பிறகு இன்னொன்று. பையன் உண்மையைச் சொல்லிவிட்டான் என்று பாஸ்டரே தலையசைத்தார். தோற்றுவிட்டேன் என்று சொல்லியே கைத்தட்டல் வாங்குகிற ஒருவனை அன்றுதான் பார்த்தேன்.

"இவங்கள்ல ஒருத்தர்கிட்டயாவது சொன்னியாடா?" என்று கேட்டேன். அவன் கேமராவின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்போது பெர்னிஸ் தன் இடத்தை விட்டு எழுந்து நடுவழியில் வந்தாள். என்னை இழுத்துப் போய் உட்கார வைக்க வருகிறாள் என்று நினைத்தேன். ஒருவேளை மனசு மாறி என்னோடு நிற்க வருகிறாளோ என்றும் ஆசைப்பட்டேன். அவள் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டி, மைக்கில் பேசினாள்.

"லாமார் தம்பி, எங்க வீட்டுக்காரரை எப்ப எடுக்கணும்?"

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அவளுக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம். குழந்தைக் கல்லறைகளையும் எடுப்பார்களா, பழைய பெட்டி உளுத்திருந்தால் என்ன செய்வது, சகோதரிகள் இருவரைப் பிரிக்காமல் வைப்பார்களா என்று கேட்டார்கள். எங்கள் வரிசை வாசல் வரை நீண்டது. எதிர்ப்பக்கத்துக் கல் சிப்பாயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானூறு வருஷம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது: எடுக்கப் போகிறார்களா என்று கேட்காதே, எப்போது என்று கேள்.

வேட்பாளர்கள் இருவருக்கும் உயிர் வந்தது. இதுவரை வராத பதில்கள் கொட்டின. டிரெக்ஸ்லர் எல்லோருக்கும் புதுப் பெட்டி என்றான். லாமார் பெயர்கள் பொறித்த பளிங்குச் சுவர் என்றான். டிரெக்ஸ்லர் மேட்டுக்கு ஞாயிறுதோறும் இலவசப் பேருந்து என்றான். லாமார் ஆண்டுதோறும் நினைவுநாள் என்றான். இருவருமே சம மரியாதை என்ற சொல்லை விடாமல் சொன்னார்கள். தொலைக்காட்சிப் பெண் முகம் மலர்ந்து, இந்த மாலையின் மிக ஆரோக்கியமான உரையாடல் இது என்றாள். வரிசையில் யாரோ, வில்லோடீனுக்கு இனி வேலைக்குப் பஞ்சமில்லை என்றார்கள். அதைக் கேட்டுச் சிரித்தவர்களின் அப்பா அம்மாக்களை நான் குளிப்பாட்டியிருக்கிறேன்.

பெர்னிஸ் என் முதுகில் கை வைத்தாள். கோபம் இல்லாத கை.

"கொஞ்சம் நகரு வில்லோடீன். பின்னால ஜனங்க நிக்கிறாங்க பாரு."

"நகர மாட்டேன்," என்றேன் மைக்கில். "என் பிள்ளை மேற்கே இருக்கான். நான் அவனைத் தோண்ட மாட்டேன். உங்க யாருக்கும் தோண்டிக் கொடுக்கவும் மாட்டேன். கிழக்கா மேற்கான்னு கேட்டேன், இன்னும் பதில் வரல."

தொலைக்காட்சிப் பெண் யாருக்கோ கைகாட்டினாள். மைக் செத்தது. பின்னால் வரிசை முனகியது, யாரோ என் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். பாஸ்டர் படியிறங்கி என்னை நோக்கி வந்தார். நான் கம்பத்தை விடவில்லை.