பாட்டிலுக்கு வெளியே

…மேல் பெட்டியை மட்டும்தான் பிரித்திருப்பாரோ என்று இரண்டாவதையும் திறந்து பார்த்தேன், அதிலும் பாட்டில் இல்லை, விரல் நீள ஆர்க்கிட் நாற்றுகள், ஈரப் பாசியில் சுருட்டி, வேர் மட்டும் வெளியே தெரியும்படி… முந்நூறையும் கழுவியிருக்கிறார், நான் அரை நாள் வேலைக்குப் போய் வருவதற்குள். ஆட்டோ எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நிற்கிறது, மாலைக்குள் விமான நிலையச் சரக்குக் கூடத்தில் சேர்க்க வேண்டும், பக்கத்தில் என் கணவர் பிரகாஷ், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். “இன்னா யசோ, சோக்கா கீதா? பாட்டிலோட குடுத்தா மலேசியாக்காரன் இன்னாத்த பாப்பான்? செவுள தூக்கிக் காட்டினாத்தான் மீனு போவும். எங்கம்மா காசிமேட்டுல அப்டித்தான் வித்துச்சு.” மீன், இவருக்கு எல்லாமே மீன்தான்… முகத்துவாரத்தில் மின் நிலையச் சாம்பல் படிந்து வலையில் ஒன்றும் விழாமல் போன பிறகு, பயிற்சிக்குப் போய், விதையைப் பாட்டிலில் முளைக்க வைக்கக் கற்று, மூன்று வருடம் கழித்து வந்த முதல் ஆர்டர், இதுவும் போனால் அதே மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலிதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மூடிய பாட்டிலில் முளைத்த நாற்று அப்படியே போனால் அனுமதிப் பத்திரம் வேண்டாம், வெளியே எடுத்த கணத்திலிருந்து அது பாதுகாக்கப்பட்ட செடி, காட்டில் பிடுங்கியதில்லை என்று நிரூபித்துப் பத்திரம் வாங்கிய பிறகுதான் எல்லை தாண்டலாம், அதற்கு வாரக்கணக்காகும்… ராயபுரத்தில் ஏற்றுமதி ஆவணம் தயாரிக்கும் அலுவலகத்தில் பதினோரு வருடமாக யார் யாருக்கோ இதை ஒப்பிக்கிறேன். நேற்று செடிநோய்ச் சோதனைக்குக் காட்டியபோதுகூடப் பாட்டிலில்தானே இருந்தன. திரும்ப உள்ளே போட்டால்? அழுகிவிடும். இப்படியே அனுப்பினால்? பறிமுதல், அவர் பேரில் வழக்கு. “நைனா, பள்ளத்துல பாத்துப் போ, உள்ள பச்சப்புள்ளைங்க கீதுங்க,” என்கிறார். “வண்டி நவுந்தாத்தானே நைனா பள்ளமே வரும்,” என்கிறான் டிரைவர், இருவரும் சிரிக்கிறார்கள்.

இவருக்கு ஏன் தெரியாமல் போயிற்று? தை மாதம் கேட்டாரே, பாட்டிலோட ஏன் போவணும் என்று… சோறு போட்டுக்கொண்டே, அதெல்லாம் ரூல்ஸு மாமா, உனக்குப் புரியாது, நான் பாத்துக்கறேன் என்றேன். ஒரு வாக்கியம், அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லத் தெரியாமலா இருந்தேன்? வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்தது என்று ஒன்று இருக்கட்டும் என்றா… ரூல்ஸ் என்று ஆரம்பித்தால் தப்பு முழுக்க அவருடையதாகிவிடும், தெரிகிறது, நன்றாகவே தெரிகிறது, ஆனாலும் அவர் திரும்பிப் பார்த்ததும், “மாமா, ரூல்ஸு இன்னான்னா…” என்கிறது என் வாய்.