பத்தொன்பதாம் நாள் மேகம்

நாலாவது நாளும் வெயில் தலைகாட்டவில்லை. ஊருக்கு மின்சாரம் விடுகிற கரண்ட்டக்கா வழக்கம்போல ஏழு மணிக்கே சோலார் கொட்டகைக்கு வந்து, நீளக் கம்பில் துணி சுற்றி, வெளியே சாய்வாக நிறுத்தியிருந்த அறுபது தகடுகளையும் ஒன்று விடாமல் துடைத்தாள். விட்டுவிட்டுத் தூறியதில் தூசியெல்லாம் தானாகவே கழுவிப் போயிருந்தது. துடைக்க ஒன்றும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்காருவதற்கு இது தேவலை என்றுதான் துடைத்தாள். பளபளவென்று துடைத்து முடித்த தகட்டிலும் மேகம்தான் தெரிந்தது. சாமான் செட்டோடு குடிவந்துவிட்ட மாதிரி அசையாமல் நின்றது.

கொட்டகைக்குள் பேட்டரிகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கும். சுவரில் ஒரு சின்னத் திரை. அந்தத் திரையில் தெரிகிற எண்ணை நம்பித்தான் ஊர் விளக்கேற்றியது. நூறு என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. நாற்பதுக்குக் கீழே போனால் என்ன செய்வது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி, எழுதி, கொட்டகைக் கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். முதலில் மோட்டாரும் சூடாகிற சாமான்களும் நிற்க வேண்டும். அப்புறம் விசிறி. விளக்கு கடைசியில். சுகாதார நிலையத்தில் தடுப்பூசி மருந்து இருக்கும் குளிர்பெட்டியை எந்த நிலையிலும் தொடக் கூடாது. நிறுத்தியதைத் திரும்பக் கொடுக்க எண் நாற்பத்தைந்துக்கு ஏற வேண்டும். இருபதுக்கு இறங்கினால் எல்லாம் தானாகவே நின்றுவிடும். அப்போது யாருக்கும் விளக்கில்லை, மருந்தும் பாழ். பெரிய மின்கம்பி ஆற்றுக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்ட ஊர் அது. இந்தக் கொட்டகையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

காலையில் நாற்பத்தொன்றாக இருந்த எண் பதினொரு மணிக்கு முப்பத்தெட்டாகியிருந்தது. அவள் விதிப்படி ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தாள். மாவு மில்லுக்காரர் அவள் சொல்வதற்கு முன்பே கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். தண்ணீர் மோட்டார் நின்றது. வெல்டிங் பட்டறை நின்றது. சூடாகிற சாமான் என்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். அது அவள் வீட்டிலேயே இருந்தது.

அது அவளுடைய நாத்தனாரின் முட்டைப் பெட்டி. குஞ்சு பொரிக்கிற பெட்டி. கணவன் வீட்டோடு ஒத்துவராமல் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு துணிப்பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் நாத்தனார். அண்ணனோ லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் தங்குவான். ஆக அந்த வீட்டில் அண்ணியும் நாத்தனாரும்தான். சண்டை கிடையாது. சண்டை போடுகிற அளவுக்குக்கூட நாத்தனார் அந்த வீட்டை உரிமையாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை சோறு கேட்க மாட்டாள். விசிறியைத் தனக்காகப் போட மாட்டாள். தன் துணியைக் கொடியின் ஓரத்தில்தான் காயப்போடுவாள். இந்த வருஷம்தான் என்ன தோன்றியதோ, டவுனில் கோழி வளர்ப்புப் பயிற்சிக்குப் பத்து நாள் போய்வந்தாள். வந்ததும் மரப்பலகையும் தெர்மாகோலும் வாங்கித் தானே பெட்டி செய்தாள். பல்பு, சின்ன விசிறி, சூட்டை அளந்து தானாக அணைந்து எரிகிற ஒரு கருவி. ஊரில் இருபது வீடு ஏறி இறங்கி நூற்றைம்பது முட்டை சேர்த்தாள். பொரிகிற குஞ்சில் பாதி முட்டை கொடுத்தவர்களுக்கு, பாதி அவளுக்கு என்று பேச்சு. பெட்டி வந்த பிறகு நாத்தனாரின் நடையே மாறிப்போனது. அறைக்குள் யாராவது சத்தமாகக் கதவைச் சாத்தினால், "மெதுவா" என்று அதட்டக்கூடச் செய்தாள். கரண்ட்டக்காவுக்கு அந்த அதட்டல் பிடித்திருந்தது. இப்போதுதான் வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி இருந்தது.

முட்டை பொரிய இருபத்தொரு நாள். இன்றைக்குப் பத்தொன்பது.

கடைக்காரர் பன்னிரண்டு மணிக்குக் கொட்டகைக்கு வந்தார். ஊர்க்கமிட்டிக்கு அவர்தான் தலைவர். வானத்தைத் திட்டினார், அவளிடம் டீ கேட்டு வாங்கிக் குடித்தார், திரையைப் பார்க்காத மாதிரி பார்த்தார். அவர் வீட்டு முட்டையும் எட்டு அந்தப் பெட்டியில் இருந்தது. போகிறபோதுதான் விஷயத்துக்கு வந்தார்.

"விதின்னா விதிதான், யார் இல்லேன்னா? ஆனா அந்த நம்பர நீங்க ஒருத்தர்தான பாக்குறீங்க. நாப்பத்தொண்ணுன்னு நீங்க சொன்னா அது நாப்பத்தொண்ணு."

அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. பெட்டி இழுப்பது நாலு வீட்டு விளக்கு இழுக்கிற அளவுதான். அதை ஓடவிட்டால் நாளை காலைக்குள் எண் ஒன்றோ இரண்டோ கூடுதலாக இறங்கும். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்தாலும் குஞ்சுகளாயிற்றே என்று பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். அவளுக்கு உறுத்தியது வேறு ஒன்று. போன மாதம் இதே மாதிரி இரண்டு நாள் மூட்டம் போட்டபோது இஸ்திரிக்காரம்மாவின் லைனை அவள் நிறுத்தியிருந்தாள். "இன்னும் பத்தே நிமிஷம் குடு" என்று அந்த அம்மா வாசலில் நின்று கேட்டாள். வாத்தியாரின் சட்டையில் ஒரு கை மட்டும் மடிப்போடு நின்றுபோனது. அன்றிலிருந்து இஸ்திரிக்காரம்மா மின்சாரப் பெட்டியைப் பரணில் போட்டுவிட்டுப் பழைய கரிப்பெட்டியை இறக்கிவிட்டாள். வெயில் காய்ந்த நாளிலும் அதுதான். கோபத்துக்குக் கரி நன்றாகவே எரிந்தது.

ஒரு மணிக்குக் கரண்ட்டக்கா வீட்டுக்கு நடந்தாள். கொட்டகையிலிருந்தே நிறுத்தியிருக்கலாம், ஒரு சுவிட்ச்தான். ஆனால் சொல்லாமல் நிறுத்த மனம் வரவில்லை.

நாத்தனார் பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி இந்த நேரத்துக்கு வந்து நிற்பதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனைல இருக்கு அண்ணி?"

"முப்பத்தெட்டு. ரெண்டு மணிக்கு நிறுத்துறேன்."

"இன்னும் ரெண்டு நாள்தான்."

"தெரியும்மா."

நாத்தனார் கெஞ்சவில்லை. பெட்டியை ஒரு சாண் திறந்து, ஒரு முட்டையை எடுத்து, அண்ணியின் காதருகே பிடித்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளே யாரோ நகத்தால் சுரண்டுவது போல ஒரு சின்னச் சத்தம். நின்றது. மறுபடி வந்தது. கரண்ட்டக்கா மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். நாத்தனார் முட்டையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, பெட்டியை மூடினாள்.

"கேட்டுட்டீங்கல்ல, போயி நிறுத்துங்க" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சரியாக இரண்டு மணிக்கு அவள் சுவிட்சை இறக்கினாள். நோட்டில் நேரத்தைக் குறித்தாள். மற்றவர்களுக்குக் குறிக்கிற அதே கையெழுத்தில் தன் வீட்டு எண்ணையும் குறித்தாள். அதற்கப்புறம் கொட்டகையில் இருப்புக்கொள்ளவில்லை. கதவைப் பூட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குத் திரும்பினாள்.

நாத்தனார் வீட்டிலிருந்த போர்வை, சாக்கு, அண்ணனின் குளிர்கால ஸ்வெட்டர் எல்லாவற்றையும் பெட்டிக்குப் போர்த்திவிட்டிருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. அதைப் பாட்டில்களில் ஊற்றி, துணி சுற்றிப் பெட்டிக்குள் ஓரமாக வைத்தார்கள். ஒருத்தி ஊற்ற, ஒருத்தி மூடியைத் திருகினாள். பெட்டிக்குள் சூடு முப்பத்தேழு டிகிரியில் நிற்க வேண்டும். முப்பத்தைந்துக்கு வந்து, புது பாட்டில் வைத்ததும் ஏறி, அரை மணியில் முப்பத்துநாலுக்குப் போனது. ஈர விறகு புகைந்துகொண்டே இருந்ததே தவிர எரிகிற பாடில்லை. நாலரை மணிக்கு முப்பத்துமூன்று.

கரண்ட்டக்கா எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். வேகமாக வெளியே நடந்தாள்.

இஸ்திரிக் கடை என்பது வீட்டு முகப்பில் ஒரு நீள மேசை, அவ்வளவுதான். இஸ்திரிக்காரம்மா கரிப்பெட்டியை விசிறிக்கொண்டிருந்தாள். அவள் இவளைவிடப் பத்து வயது மூத்தவள். ஆனாலும் ஊரோடு சேர்ந்து "கரண்ட்டக்கா" என்றுதான் கூப்பிடுவாள். அந்த "அக்கா"வில் எப்போதும் கொஞ்சம் உப்பு போட்டிருக்கும்.

"என்ன கரண்ட்டக்கா, லைன் செக் பண்ண வந்தியா? இது கரில ஓடுது. இதுக்குச் சுவிட்ச் உன்கிட்ட இல்ல."

"கொஞ்சம் கங்கு வேணும்க்கா. முட்டப் பெட்டிக்கு."

"ஏன், கரண்ட்டு என்னாச்சு?"

"நிறுத்திட்டேன். ரெண்டு மணிக்கு."

இஸ்திரிக்காரம்மாவின் கை நின்றது. பெட்டியைத் தூக்கி அதன் தாங்கியில் வைத்தாள்.

"உன் வீட்டுக்கேவா?"

"ஆமா."

"உன் நாத்தனாரு பெட்டிக்கா?"

"ஆமாக்கா."

அந்த அம்மா அவளைச் சற்று நேரம் பார்த்தாள். எங்காவது ஓரத்தில் கறை தெரிகிறதா என்று துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போன்ற பார்வை. பிறகு உள்ளே போய், ஒரு வாளி நிறையக் கரியும், ஒரு பழைய சட்டியும், கக்கத்தில் ஒரு கட்டுப் பழந்துணியுமாக வந்தாள்.

"கங்கை அப்படியே உள்ள வெச்சா குஞ்சுக்கு மூச்சு முட்டிரும். செங்கல் இருக்கா வீட்ல?"

சூட்டை அந்த அம்மாவுக்குச் சொல்லித்தர யாரும் தேவையில்லை. முப்பது வருஷமாகக் கையால் அளந்தவள். கரண்ட்டக்கா வீட்டுக்கே வந்து, சட்டியை வெளியே சுவரோரமாக வைத்து, கரியைப் பற்றவைத்து, செங்கல்லை அதில் காயவைத்தாள். ஒவ்வொரு கல்லையும் துணியில் மூன்று சுற்றுச் சுற்றிக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது பட்டுச்சேலைச் சூடு, பத்தாது. இது பருத்திச் சூடு, பொசுக்கிரும். இந்தா, இது சரி" என்று ஒன்றொன்றாக நீட்டினாள். நாத்தனார் வாங்கி உள்ளே வைத்தாள். பெட்டியில் சூடு காட்டும் முள் மெல்ல முப்பத்தாறுக்கு வந்து, முப்பத்தேழைத் தொட்டது. நாத்தனார் அன்றைக்கு முதல்முறையாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சாய்ந்தவள் தானாகவே, "அண்ணி, எனக்கும் ஒரு டீ போடுங்க" என்றாள். மூன்று வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் டீ அது. அண்ணி அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் அடுப்படிக்குப் போனாள்.

மூவரும் மாறி மாறிக் கல் மாற்றியதில் பொழுது விடிந்தது. கரண்ட்டக்கா முகம் கழுவிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். எண் முப்பத்திரண்டு. விசிறிகளையும் நிறுத்திவைத்தாள். மேகம் அப்படியேதான் இருந்தது. ஒன்பது மணிக்கு மேல் கிழக்கே கொஞ்சம் வெளுத்தது. பத்தரைக்கு ஒரு கிழிசல் விழுந்து, அதன் வழியே வெயில் வந்து தகடுகளின் மேல் நடந்துபோயிற்று. பிறகு திரும்பி வந்து தங்கியது. முப்பத்தைந்து. முப்பத்தொன்பது. மூன்று மணிக்கு நாற்பத்துநாலு. அங்கே போய் நின்றுகொண்டது எண். அவள் சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு தூரம் வந்தபின் அந்த ஒரு எண்ணுக்காக ஏமாற்றுவதில் அர்த்தமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று இருபதுக்கு நாற்பத்தைந்து ஆனது. சுவிட்சை ஏற்றிவிட்டு, நேரத்தைக் குறித்தாள். எழுத்து கொஞ்சம் கோணிப்போயிருந்தது.

இருபத்தொன்றாம் நாளும் இருபத்திரண்டாம் நாளுமாகத் தொண்ணூற்றொரு குஞ்சு வெளியே வந்தது. சிலது ஓட்டில் துளை போட்டு, அதற்குமேல் முடியாமல் அப்படியே நின்றுபோயிருந்தது. சிலதில் சத்தமே இல்லை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த கணக்குக்கு நூற்றிருபது குஞ்சாவது பொரிந்திருக்க வேண்டும். நாத்தனார் பொரியாத முட்டைகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். குழி தோண்டப் போனவளுக்கு உதவியாகக் கரண்ட்டக்கா மண்வெட்டியோடு பின்னாலேயே போனாள்.

"நிறுத்தாம இருந்திருந்தா இதெல்லாமும் வந்திருக்குமா அண்ணி?"

"கொஞ்சம் வந்திருக்கும்னுதான் நெனக்கிறேன்."

நாத்தனார் தலையாட்டினாள். இல்லை என்று அண்ணி சமாதானம் சொல்லியிருந்தால் ஒருவேளை அழுதிருப்பாளோ என்னவோ. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, மண்வெட்டியின் காம்பைத் துடைத்தாள். அடுத்த தடவை பெட்டிக்கு இன்னும் தடிமனாகத் தெர்மாகோல் வைக்க வேண்டும், அடியில் செங்கல்லுக்கென்று ஒரு தட்டு அடிக்க வேண்டும் என்றாள். இஸ்திரிக்காரம்மாவுக்கு முட்டை கொடுக்காமலேயே ஆறு குஞ்சு என்றும் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். "அப்புறம் அண்ணி, அன்னிக்கு உங்கமேல ரொம்பக் கோவமா இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும்" என்றாள் கரண்ட்டக்கா.

மறுநாள் காலை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. தகடுகளைத் துடைத்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் குஞ்சுகளைக் கூடத்தில் பழந்துணி விரித்து விட்டிருந்தாள். வாசல் வழியாக விழுந்த வெயில் தரையில் ஒரு பாய் அளவுக்குக் கிடந்தது. அத்தனை குஞ்சும் அந்தப் பாய்க்குள்ளேயே நெருக்கியடித்து நின்றன. கால் வைக்க இடமில்லாமல் கரண்ட்டக்கா வாசலிலேயே நின்றாள். நின்றதும் கீச்சுச் சத்தம் கூடியது. நடுவில் நின்ற குஞ்சுகள் கலைந்து, மஞ்சளாக இரண்டு பக்கமும் ஒதுங்கின. ஏன் என்று அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகுதான் தன் நிழல் அவற்றின் மேல் நீளமாக விழுந்து கிடப்பதைப் பார்த்தாள். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், மெல்ல ஒரு அடி பக்கவாட்டில் தள்ளி நின்றாள்.